கெமுந்திங் பூத்த வெள்ளை மணல்

மலாக்காவில் குருபோங் தாண்டிப் போகிற செம்மண் பாதையில், ரப்பர் பால் வெட்டுகிற கித்தாத் தோட்டம் முடிகிற இடத்தில், திடீரென்று மரமே இல்லாமல் அந்த மணல் கிடந்தது. எந்தக் காலத்திலோ சீனர்கள் ஈயம் கழுவிவிட்டுக் கொட்டிய மணல். ஈயம் தீர்ந்தது, ஆட்கள் போனார்கள், மணல் மட்டும் மேடும் பள்ளமுமாக நின்றுவிட்டது. நடுவில் பச்சைத் தண்ணீரோடு ஓர் ஈயக்குட்டை, அதன் கரையில் தண்ணீர் இறைத்த பழைய பம்பு கொட்டகை. பாலைவனத்தை நான் பார்த்ததில்லை. நாலாம் வகுப்புப் புத்தகத்தில் ஒட்டகத்தோடு ஒரு படம் இருந்தது, என் படிப்பும் ஏறக்குறைய அந்தப் பக்கத்தோடு நின்றது. ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடத்தை மூடினான், அவன் போன பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, நான்தான் திரும்பவில்லை. அதனால் பாலைவனம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஒட்டகமும் இந்த மணலும்தான் ஞாபகத்துக்கு வரும்.

மணலில் ஒன்றுமே முளைக்கவில்லை என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கிட்டப் போனால்தான் தெரியும். மேடுகளின் ஓரத்தில் லாலான் புல் வெள்ளைக் குஞ்சம் வைத்துக்கொண்டு ஆடும். தொட்டாச்சிணுங்கி மணலோடு படுத்துக் கிடக்கும். ஈரம் தங்குகிற பள்ளத்தில் மூங்கில் மாதிரித் தண்டோடு ஒரு காட்டு ஆர்க்கிட் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கெமுந்திங். மலாய்க்காரர்கள் வைத்த பேர்தான், எங்களுக்கும் அதுதான் பேர். இடுப்பளவுச் செடி, இலைக்கு அடிப்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கும், பழத்தைத் தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும். பூ விரிந்த அன்று நல்ல ரோஜா நிறம். வெயில் பட்டுப்பட்டு வெளுத்து, உதிரும்போது ஏறக்குறைய வெள்ளை. ஒரே செடியில் இரண்டு நிறமும் நிற்கும்.

என் மாமியாரை அந்த மணலில்தான் புதைத்திருந்தார்கள்.

என் மனைவிக்கு அப்போது எட்டு வயது. ஜப்பான்காரன் காலம். தோட்டத்து ஆம்பிளைகளைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். என் மாமனாரும் அப்படிப் போனவர்தான், வரவேயில்லை. லயத்து வீட்டு வரிசையில் மிஞ்சியிருந்தது பெண்களும் பிள்ளைகளும். காய்ச்சலில் அந்த அம்மாள் போனபோது தோட்டத்துச் சுடுகாட்டில் குழி வெட்ட ஆள் கிடையாது, அங்கே வேர் பிடித்த களிமண். மணலில் வெட்டுவது பெண்களுக்குச் சுலபம். அதனால் அங்கே கொண்டுபோனார்கள். கல் வைக்க வழியில்லை. பக்கத்தில் நின்ற கெமுந்திங் செடிதான் அடையாளம். வளர்த்த சின்னம்மா, என் மனைவியை அங்கே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: இந்தச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இடது தோள் பக்கம் பம்பு கொட்டகை தெரியணும், நேர் எதிரே இரட்டை முதுகு வைத்த குன்று தெரியணும். இரண்டும் சரியாக இருந்தால் அதுதான் ஒங்கம்மா.

பிறகு கம்யூனிஸ்டு பயம் வந்தது. லயத்தைக் காலி பண்ணி ஜனங்களை வேலி போட்ட இடத்துக்கு மாற்றினார்கள். சின்னம்மா கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். என் மனைவி கல்யாணமாகி என்னோடு டவுன் பக்கம் காஜா பெராங்குக்கு வந்தாள். மணலுக்குப் போக யாருமில்லை.

எல்லாம் ஆரம்பித்தது பக்கத்து வீட்டில். எங்கள் வரிசையில் இருந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். மலாய்தான் பேசுவார்கள், மலாய்ப் பெண்கள் மாதிரி கெபாயாதான் உடுத்துவார்கள், ஆனால் விபூதி இல்லாமல் வெளியே போக மாட்டார்கள். பொங்கலுக்கு முதல் நாள் அவர்கள் வீட்டில் பார்ச்சு வைப்பார்கள். செத்துப்போன பெரியவர்களுக்கு வாழை இலை போட்டுச் சாப்பாடு படைப்பது. சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு அடுத்த வருஷம் அந்த வீட்டு அம்மா என் மனைவியைக் கூப்பிட்டிருந்தார். அவள் போய்விட்டு வந்து, தட்டில் கொடுத்த பலகாரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவுங்க வூட்டுல பாத்தீங்களா? செவுரு பூராவும் ஆளு. தாத்தாவோட தாத்தா வரைக்கும் கண்ணாடி போட்டு மாட்டிருக்காங்க. நம்ம வூட்டுல யாரு இருக்கா? காலண்டர்ல முருகன் இருக்காரு."

"ஒங்கம்மாவ யாரும் படம் எடுக்கலையே. நான் என்னா பண்ணட்டும்?"

"படம் எடுக்குற கடையிலதானே வேல செய்யிறீங்க?"

"இல்லாத ஆள எப்படி எடுக்குறது?"

"எடத்த எடுங்க. அம்மா மொகம் எனக்கே மறந்துபோச்சுங்க. கண்ண மூடுனா அந்த எடந்தான் வருது. ஆடி அமாவாசைக்கு அத மாட்டி வச்சு எலை போடணும்."

அவளே கூட வந்து காட்டிவிடலாம்தான். ஆனால் அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது, பிள்ளைத்தாய்ச்சி புதைத்த இடத்துக்குப் போகக் கூடாது. இதற்கு முந்திய இரண்டும் தங்கவில்லை. நானே போகச் சொல்ல மாட்டேன்.

ஆகவே நான்தான் போகவேண்டும் என்றானது. எனக்குக் கவலைப்பட ஒரு விஷயம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். அன்று முதல் காலையிலிருந்து மாலைவரை மழையா வெயிலா என்று வானத்தைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

நான் வேலை செய்த கடை ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கடைவரிசையில் இருந்தது. முன்பக்கம் மூக்குக் கண்ணாடியும் கைக்கடிகாரமும், பின்பக்கம் படம் எடுக்கிற அறை. முதலாளி நாகூர்ப் பக்கத்துப் பாய், அவர் அப்பா காலத்திலிருந்தே டவுனில் வியாபாரம். அந்த வருஷம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பிரஜாவுரிமைக்கு மனுப்போடுகிறவர்கள் விடிகாலையிலேயே கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தோட்டத்திலிருந்து லாரி பிடித்துக் குடும்பத்தோடு வருவார்கள். அந்தப் படத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பின்னால் வெள்ளைத் துணி. தோளுக்கு மேலே மட்டும். முகம் சட்டத்தை நிரப்பணும். பின்னால் செடி, சன்னல், நிழல், பக்கத்து ஆளின் கை, எதுவும் வரக் கூடாது, வந்தால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுப் பாவாடை கட்டி வந்த பெண்களுக்குப் பாவாடை படத்தில் வராது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை காய்ந்துவிடும். நாள் முழுக்க முகங்களை வெள்ளைத் துணியில் வைத்து வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த படம் ஒன்றுகூட இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கேமரா கேட்டபோது முதலாளி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"எதுக்கு?"

"பூ எடுக்கணும் முதலாளி."

"பூவையா? பூவு வந்து படத்த எப்ப வாங்கிட்டுப் போவும்னு கேட்டு வச்சியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கிண்டலை நிறுத்திவிட்டு உள்ளே போய் மடிப்புக் கேமராவை எடுத்து வந்தார். ஒரு சுருளில் எட்டுப் படம்.

"எடுத்துட்டுப் போ. மணலு மட்டும் உள்ளாற போச்சுன்னு வை, நீயும் அங்கனயே படுத்துக்க, வந்துராதே."

முதல் தடவை போனது நல்ல கோடையில். சைக்கிளில் போகும்போதே பயம். கம்யூனிஸ்டு காலத்தில் தோட்டத்துப் பக்கம் ஒரு பொட்டலம் சோறு கொண்டுபோனாலே பிடிப்பார்கள். அந்தத் தடையெல்லாம் மலாக்காவில் எப்போதோ எடுத்தாகிவிட்டது. என் பயத்தைத்தான் யாரும் எடுக்கவில்லை. சோறு கட்டிக்கொள்ளாமல் பட்டினியாகவே போனேன். முச்சந்தியில் நின்ற போலீஸ்காரர், மாத்தா, கையைக் காட்டி நிறுத்தினார். பையில் என்ன என்றார். கேமரா என்று சொல்வதற்குள் எனக்கு வாய் குழறிவிட்டது. அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, என்னையும் ஒன்று எடு என்றார் மலாயில். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எட்டில் ஒன்று அங்கேயே போனது.

மணலுக்குப் போனபோது உச்சி வெயில். கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலேயிருந்து வருகிற வெளிச்சத்தைவிடக் கீழேயிருந்து வருவது அதிகம். எனக்கு இரண்டு விளக்குக்குப் பழகிய கை. விளக்கை இழுத்து வைக்கலாம், தள்ளி வைக்கலாம். சூரியனை யாரிடம் சொல்லித் தள்ளி வைப்பது? நிழலே இல்லை, நிழல் இல்லாததால் மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. பம்பு கொட்டகையைக் கண்டுபிடித்தேன், தகரம் பாதி பறந்துபோயிருந்தது. இரட்டை முதுகுக் குன்று அனலில் ஆடிக்கொண்டிருந்தது. இடது தோளையும் நேர் எதிரையும் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு மேட்டின் சரிவில் மூன்று கெமுந்திங் செடி கிட்டக்கிட்ட நின்றன. நடுவில் நின்றதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கணக்குச் சரியாக வந்தது. எழுந்து பின்னாலேயே நடந்து, எல்லாம் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றேன். கொட்டகை, குன்று, குட்டையின் ஓரம், மூன்று செடி. முதலில் அடையாளத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று அதை எடுத்தேன். பிறகு மிச்சத்தையும் அவசர அவசரமாக எடுத்தேன். யாரோ பார்க்கிற மாதிரியே இருந்தது. யாருமில்லை.

அன்று சாயங்காலமே இருட்டறையில் மருந்தில் போட்டேன். சுருள் முழுக்கக் கரி. மணல் வெளிச்சத்தை நான் மதிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அளவுக்கு மேல் வெளிச்சம் விட்டிருந்தேன். விளக்கில் பிடித்தால் அடைத்த கதவு மாதிரி இருந்தது. முன்பக்கத்தில் முதலாளியின் சிரிப்புச் சத்தம் கேட்டது, வேறு யாரோடோ. அவர் உள்ளே வந்து இதைப் பார்த்தால் ஒரு வாரத்துக்கு ஓயாது. பின்சன்னலைத் திறந்து சுருளை அப்படியே ஆற்றில் வீசினேன். அலை ஏறுகிற நேரம். அது உடனே மூழ்கவில்லை, சுருண்டு சுருண்டு பாலத்துப் பக்கம் மிதந்து போனது. போய்த் தொலையட்டும் என்றுதான் அப்போது இருந்தது.

இரண்டாம் தடவை மழைக்காலம் தொடங்கியாகிவிட்டது. வீட்டில் கிளம்பும்போது வெயில், புக்கிட் பாரு தாண்டும்போது மேகம், மணலில் கால் வைக்கும்போது குன்றின் ஒரு முதுகு காணாமல் போயிருந்தது. மழை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு திரை மாதிரி வந்தது. வருவதற்கு முன்னால் ஒரு சின்ன நேரம், மேகத்துக்குக் கீழே இருந்த இடைவெளியில் சூரியன் புகுந்து, மணல் மட்டும் மஞ்சளாக எரிந்து வானம் கறுப்பாக நின்றது. கெமுந்திங் பூவெல்லாம் விளக்கு ஏற்றிய மாதிரி இருந்தன. கேமராவைத் திறப்பதா வேண்டாமா, நனைந்துவிட்டால் என்ன பண்ணுவது, முதலாளிக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. கேமராவைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே ஒரு லாரிக்காரர் ஒதுங்கியிருந்தார், தமிழர்தான்.

"என்னாண்ணே, வயித்து வலியா?" என்றார், நான் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து.

"கேமரா."

"இங்க என்னா இருக்கு படம் புடிக்க? பேயக்கூட காணோம்."

"பூ இருக்கு."

"இருந்தா சீக்கிரம் புடிச்சுக்குங்க. அங்க செவப்புத் துணி கட்டிக் குச்சி நட்டிருக்கு பாருங்க. புல்டோசர் வருதுலா. மணலு பூரா கட்டடத்துக்குப் போவுது. மெர்டேக்கா கெடச்சிருச்சுல்ல, எங்க பாத்தாலும் கட்டுறாங்க."

"எப்ப வருது?"

"அத நம்மகிட்ட சொல்லிட்டா வருவான்? வந்தா வந்துதான்."

மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். பூவெல்லாம் அடிபட்டு மணலில் ஒட்டிக்கிடந்தன. சிவப்புத் துணிக் குச்சி ஒன்று மூன்று செடிக்கும் அந்தப் பக்கம் நின்றது. வீட்டுக்கு வந்து புல்டோசர் விஷயத்தை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன். அவளே, "ஏன் மொகம் அப்படி இருக்கு?" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் என் கையிலிருந்த துண்டை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். "அப்ப கட்டாயம் எடுத்துருங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பினேன். முந்தின நாள் சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மணல் ஈரமாக, கூசாமல், சாம்பல் நிறத்தில் இருந்தது. குட்டையிலிருந்து பனி எழும்பிக் கொட்டகையையும் குன்றையும் மூடியிருந்தது. பிறகு வெயில் பக்கவாட்டில் வந்தது. தாழ்ந்த, மெல்லிய வெயில். மணலில் ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து நின்றது. நடுச்செடியில் அன்று காலை விரிந்த பூ ஐந்து, நல்ல ரோஜா நிறத்தில், இதழில் தண்ணீர் நின்றது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மண்டி போட்டேன். கிட்டப் போனேன். இன்னும் கிட்டப் போனேன். பின்னால் ஒரு காய்ந்த கொம்பு குறுக்கே வந்தது, ஒடித்துப் போட்டேன். பக்கத்துச் செடியின் இலை மூலையில் நுழைந்தது, துண்டால் ஒதுக்கிக் கட்டினேன். பனி விலகி, கொட்டகையின் தகரம் ஒரு ஓரத்தில் பளபளவென்று எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேமராவை இன்னும் தாழ்த்தி, பின்னால் வெறும் வெள்ளை மணல்மேடு மட்டும் இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஐந்து பூவும் சட்டத்தை நிரப்பின. எட்டையும் அப்படியே எடுத்தேன். வெளிச்சம் மாறமாற, மேகம் வந்து போகப்போக, ஒரு தடவைகூடத் தப்பு விடாமல். எழுந்தபோது முழங்கால் இரண்டும் நனைந்து மரத்துப்போயிருந்தன. அவ்வளவு சந்தோஷம். மணலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

பிரிண்ட் போட்டதும் முதலாளி எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"டேய், இத நீயா எடுத்தே?"

"நான்தான்."

"பொய்யி. பூவே வந்து உக்காந்து எடுத்துக்கிட்டுப் போன மாதிரியில்ல இருக்கு."

அவர் வாயிலிருந்து அப்படி வந்தது அந்த ஒரு தடவைதான். நான் ஒன்றைப் பெரிதாக்கி, சாய வண்ணத்தைப் பஞ்சில் தொட்டுப் பூவுக்கு ரோஜா நிறம் போட்டேன். இலைக்குப் பச்சை. மணலுக்கு எதுவும் போடவில்லை, அது வெள்ளையாகவே இருக்கட்டும் என்று. கண்ணாடி போட்டுச் சட்டமும் அடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வயிறு முன்னால் நின்றதால் எட்டப் பிடித்துத்தான் பார்க்க முடிந்தது. முதலில் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், அது பொய்யில்லை.

"எவ்ளோ அழகா இருக்கு."

பிறகு சன்னல் பக்கம் போனாள். சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினாள், ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"கொட்டா எங்க?"

"எந்தக் கொட்டா?"

"பம்பு கொட்டா. எடது பக்கம் வரணுமே."

"அது... அது ஒரே தகரமா அசிங்கமா இருந்துச்சு. பூவு எடுபடாது."

"குன்னு?"

குன்று எங்காவது வந்திருக்கிறதா என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

"நீங்க சரியான செடியத்தான் எடுத்தீங்களா?"

"நீ சொன்ன மாதிரி உக்காந்து பாத்துத்தான் எடுத்தேன்."

"இல்ல, சும்மா கேட்டேன்." படத்தைத் தாழ்த்திக்கொண்டு, "பூவு எங்கன வேணாலும் பூக்குதுங்க. இத கடலோரம் உஜோங் பாசிர்ல எடுத்ததுன்னு சொன்னாலும் எனக்குத் தெரியப்போறதில்ல. என் எடந்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவள் உண்மையாகவே என்னிடம் கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது. மூன்று செடியில் நடுவிலிருந்ததைத்தான் எடுத்தேனா? பனி மூடியிருந்ததே, கொட்டகையும் குன்றும் தெரியாத நேரத்தில்தானே செடியைத் தேர்ந்தெடுத்தேன்? இடது கைப்பக்கம் நின்ற செடியாக இருந்தால்? அன்று ராத்திரி தூக்கமில்லை. எட்டுப் படத்தையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டிலும் பூதான் இருந்தது. ஆயிரம் பேர் முகத்தை வெள்ளைத் துணியில் வெட்டி எடுத்த கை, மணலையும் துணியாக்கிவிட்டது. என் மாமியாருக்கும் ஒரு பிரஜாவுரிமைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆபீசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். முதல் சுருளில் கொட்டகை, குன்று, செடி எல்லாம் சேர்ந்து வந்த படம் ஒன்று இருந்தது, கரியாகிப்போனதால் ஆற்றில் போட்டுவிட்டேன் என்று. அவர் கையிலிருந்த கடிகாரத்தை வைத்துவிட்டார்.

"கரியாப் போனா என்னாடா? வெளுக்குற மருந்து இருக்கே. அதுல நனைச்சா கொஞ்சங் கொஞ்சமா எறங்கி வருமே. ஏன் எங்கிட்ட காட்டல?"

"திட்டுவீங்கன்னுதான்."

"திட்டத்தான் செஞ்சிருப்பேன். திட்டிட்டு வெளுத்துக் குடுத்திருப்பேன்."

மருந்து, நான் தினமும் கை கழுவுகிற தொட்டிக்கு மேலே இருந்த அலமாரியிலேயே இருந்திருக்கிறது. பச்சைச் சீசா. முகம் எடுக்கிற வேலையில் அது தேவைப்பட்டதே இல்லை, அதனால் நானும் கேட்டதில்லை.

வருகிற ஞாயிறு போய்த் தள்ளி நின்று எடுத்துவருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள். வெள்ளிக்கிழமை வலி எடுத்தது. பிள்ளை முன்கூட்டியே வந்துவிட்டது, பெண். இந்தத் தடவை தங்குமா தங்காதா என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தேன். தங்கியது. ஆண்டவன் அந்த விஷயத்தில் என்னைக் கைவிடவில்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் சதை பிடித்து, நான் பயப்படாமல் மூச்சுவிட ஆரம்பித்த பிறகு, கேமராவை எடுத்துக்கொண்டு குருபோங் பக்கம் போனேன். பாதையிலேயே தெரிந்துவிட்டது. செம்மண் மேல் வெள்ளைக் கோடு கோடாக மணல் சிந்தியிருந்தது, லாரிகள் போன தடம்.

கொட்டகை இல்லை. குட்டையை மூடியிருந்தார்கள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. குன்று மட்டும் இரட்டை முதுகோடு அப்படியே நின்றது. அதை நேர் எதிரே வைத்துக்கொண்டு எங்கே நின்றாலும் சரியாகத்தான் இருந்தது. இடது பக்கம்தான் ஒன்றுமில்லை. மேகம் நிழலை இழுத்துக்கொண்டு அந்தச் சமதரையில் போனது, தடுக்கி விழ ஒரு புல் கூட இல்லாமல். அன்றைக்கு வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. நான் கேமராவை வெளியே எடுக்கவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அவள் இடத்தை மெழுகி, பலகை போட்டு, படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். பூமாலை போட்டாள். சந்தனத்தைக் குழைத்துக் குங்குமத்தைத் தொட்டு, கண்ணாடி மேல் பொட்டு வைக்கக் கையைக் கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது.

"எந்தப் பூவுக்குங்க வைக்குறது?" என்றாள்.

அவளுக்கு உதவி பண்ணுகிற மாதிரி ஏதாவது ஒரு வார்த்தை எனக்கு வந்திருக்கக் கூடாதா? நடுவில் இருக்கிறதுக்கு வை என்று சொல்லியிருக்கலாம். நான் அந்த ஐந்து பூவையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் மாலையைக் கழற்றிப் பக்கத்திலிருந்த குத்துவிளக்குக்குப் போட்டாள். விரலிலிருந்த குங்குமத்தை விளக்கின் தண்டில் வைத்தாள். படத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இலையைப் பின்கதவுப் பக்கம் திருப்பிப் போட்டாள். குருபோங் அந்தத் திசையில்தான் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்துக் கும்பிட்டாள்.

படத்தை முதலாளி கேட்டார். கடை முகப்பில், கல்யாண ஜோடிகளுக்கும் பட்டம் வாங்கியவர்களுக்கும் நடுவில் மாட்டினார். நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது. எந்த ஊர்ப் பூ, ஜப்பானா, கேமரன் மலையா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். என் வேலை என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் தலையை ஆட்டிவிட்டு இருட்டறைக்குள் போய்விடுவேன்.

அவள் கடைப் பக்கம் அதிகம் வருவதில்லை. பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு தடவை பசாருக்குப் போகிற வழியில் வந்தாள். உள்ளே இருந்த என்னை அவள் பார்க்கவில்லை. அஞ்சடியில் நின்று, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு மிகக் கிட்ட முகத்தை வைத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓர் அடி. தூணைத் தாண்டி, கால்வாய்ப் பலகை மேல், ரோட்டின் ஓரம் வரைக்கும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே போனாள், தள்ளிப் போகப்போக இடது பக்கத்தில் அந்தக் கொட்டகை வந்துவிடும் என்கிற மாதிரி. ஒரு சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிக்கொண்டு விலகிப் போனான். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பசாருக்கு நடந்தாள்.